சும்மா இருக்கும் வருஷத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஒலுவில் சந்தியைத் தாண்டிச் சேர்ஃபிங் பலகைகள் போகத் தொடங்கும். மட்டக்களப்பில் ரயிலை விட்டிறங்கி, கல்முனைக்கு ஒரு பஸ், அக்கரைப்பற்றுக்கு ஒரு பஸ், பொத்துவிலுக்கு இன்னொன்று என்று மாறி மாறி அறுகம்பே போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒக்டோபர் வரைக்கும் ஓயமாட்டார்கள். அப்படிப் போன ஒருவன் ஒருநாள் சந்திக் கடையில் பிளேன்டீ குடிக்க இறங்கினான். ஜேர்மன்காரன், வயது பத்தொன்பது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதாம், பல்கலைக்கழகம் அடுத்த வருஷமாம், நடுவில் ஒரு வருஷம் உலகம் சுற்றுகிறானாம். அதற்குப் பெயர் 'கெப் இயர்' என்றான். எட்டு மாதம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் காசு சேர்த்தானாம்.

"நானும் கெப் இயரில்தான் இருக்கிறேன்" என்றேன். கூடப்பிறந்தவனைக் கண்டதுபோல் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீ எப்படிக் காசு சேர்த்தாய்?" என்று கேட்டான்.

நல்லவேளை, பஸ் வந்துவிட்டது. ஆனால் கேள்வி பஸ் ஏறிப் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இத்துறையில் அனுபவமுள்ளவன் நான். எனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளிடமும் யாராவது ஒரு ஜேர்மன்காரன் கேட்டுவிட்டால் அவர்கள் முழிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

முதலில் ஆண்டைக் கையில் எடுங்கள்

மேல்நாட்டில் இந்த ஆண்டை மாணவன் தானே போய் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதி, என் இடத்தை ஒரு வருஷம் அப்படியே வைத்திருங்கள் என்று கேட்டு, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகு காசு தேட வேண்டும். 2016இல் ஒபாமாவின் மூத்த மகள் ஹார்வர்டுக்குப் போகுமுன் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டபோது அது உலகச் செய்தியானது. நம் நாட்டில் ஜனாதிபதியின் பிள்ளையாக இருக்கத் தேவையில்லை. உயர்தரம், அதாவது ஏ.எல்., எழுதினால் போதும். பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம், காத்திருப்பும் இலவசம்.

என் கணக்கையே தருகிறேன். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில் நடந்தது. பெறுபேறு 2023 செப்டெம்பரில் வந்தது. நான் நினைத்த பாடநெறிக்கு இசட் புள்ளி காணாது. இரண்டாம் தடவைக்கு விண்ணப்பித்தேன். அந்தப் பரீட்சை 2024 ஜனவரி 4இல் தொடங்கிவிட்டது. பெறுபேறு பார்க்க ஏழு மாதம், திரும்பப் படிக்க நாலு மாதம். திட்டமிட்டவர் யாரோ அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. மறுபடி பெறுபேறு, மே 31. அதற்குப் பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று போய்க்கொண்டிருக்க, அடுத்த நோன்புப் பெருநாளும் வந்து போனது. மூன்று தடவை எழுதலாம் என்பதால், ஆண்டு போதாதவர்கள் நீட்டித்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

வாப்பாவிடம் இதைச் சொல்லி அனுதாபம் வாங்க முடியாது. ஜே.வி.பி. கலவரத்தில் 1987க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலத்து ஆள் அவர். "எங்கட காலத்துல கிட்டத்தட்ட மூணு வருஷம் மனெ. ஒங்களுக்கென்ன கஷ்டம்?" என்பார், தேர்தலில் வென்றவர் மாதிரி. கதவு திறந்தபோது 1990. அந்த வருஷம் இந்தக் கரையிலிருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ படிக்கப் போகிற நிலைமை இருக்கவில்லை. வாப்பா அந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். அப்படித் தேங்கி நின்ற பிள்ளைகளை நினைத்துத்தான் அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் முயன்று, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகம். எங்கள் ஊர்க் கம்பஸே ஒரு கெப்பில் முளைத்ததுதான்.

இடைவெளியை நிரப்ப அரசாங்கம் ஒருதடவை முயன்றதும் உண்டு. 2011இல், கம்பஸுக்குத் தெரிவான பிள்ளைகளை மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் 'தலைமைத்துவப் பயிற்சி' கொடுத்தார்கள். இதை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

உடனே ஒரு பெயர் வையுங்கள்

ஆண்டு கைக்கு வந்ததும் அதற்கு நீங்களாகவே ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் ஊர் வைத்துவிடும். ஊர் வைக்கிற பெயர் 'சும்மா'.

"மனெ, நீ சும்மாதானே இரிக்காய்?"

இது கேள்வி என்று நினைத்து "ஓம்" என்றால் முடிந்தது. இந்த வசனத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வேலை நிற்கும். கரண்ட் பில் கட்ட வேண்டும். மூத்தம்மாவைக் கல்முனை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும், மூத்தம்மாவின் துண்டு மறந்துவிட்டதால் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சின்ன மாமியின் காஸ் சிலிண்டர். பெரிய மாமியின் கோழிக்கூடு. பள்ளிவாசல் கந்தூரிக்கு வெங்காயம் உரிக்கிற ஆள் குறைகிறது. சாச்சாவின் மாட்டைக் காணோம். ஊரில் வேலை பார்க்கிற எவரைவிடவும் அதிக மணித்தியாலம் வேலை செய்கிறவன் சும்மா இருக்கிறவன்தான். சம்பளம் மட்டும் இல்லை. பில் கட்டத் தருகிற காசோடு பெற்றோலுக்கு என்று ஒரு சதம் சேர்த்துத் தந்தவர்களை நான் கண்டதில்லை. ஆக, உங்கள் சேமிப்பில் விழும் முதல் ஓட்டை மோட்டார் சைக்கிளின் தாங்கிதான்.

இதிலிருந்து தப்ப ஊரில் இரண்டு பெயர்கள்தான் செல்லுபடியாகும். ஒன்று, "கோர்ஸ் செய்யிறன்." மரியாதையான பெயர், ஆனால் கோர்ஸுக்குக் காசு கட்ட வேண்டும். நான் ஒரு தனியார் நிலையத்தில் டிப்ளோமா என்று 18,000 ரூபா கட்டினேன். மூன்றாம் வகுப்போடு ஆசிரியர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்கு அது கெப் இயர். இரண்டாவது பெயரைப் பிறகு சொல்கிறேன். அது விலை குறைந்தது, கெட்டிக்காரத்தனமானது.

உழைப்பு

ஜேர்மன்காரன் கோப்பை கழுவினான். நம் ஊரில் கோப்பை கழுவினால் இரண்டு சங்கடம். கடைக்காரர் மச்சானாக இருப்பார், சம்பளம் கேட்க முடியாது. மச்சானாக இல்லாவிட்டால், நீங்கள் கோப்பை கழுவுகிற செய்தி வீட்டுக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். உம்மா அன்றிரவு சாப்பிட மாட்டார்.

வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போகலாம். இது நெல் விளையும் மாவட்டம், பெரும்போகம் சிறுபோகம் இரண்டுக்கும் வேலை இருக்கும் என்று நம்பித்தான் நானும் போனேன். வெட்டுக் காலம் என்றால் வாடியில் ஒரு மாதம் தங்கி, சூடடித்து, நெல்லோடு வீட்டுக்கு வந்த கதையை மூத்தாப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது வெட்டு மெஷின் வந்து காலையில் நுழைந்து பகல் சோற்றுக்கு முன் வெளியேறிவிடுகிறது. மிச்சமிருப்பது மூட்டை தூக்குவது. இரண்டு நாள் தூக்கினேன். கிடைத்த கூலியில் பாதி முதுகுக்குத் தைலம்.

கரைவலையில் சம்பளம் கிடையாது, பங்கு. இழுத்த வலையில் மீன் இருந்தால் மீனில் பங்கு, இல்லாவிட்டால் இல்லாததில் பங்கு. மிகவும் நீதியான முறை. நான் போன நாட்களில் பெரும்பாலும் நீதிதான் கிடைத்தது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுப்பதுதான் ஏ.எல். முடித்தவர்களின் பரம்பரைத் தொழில். பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாய் விரித்து, வெள்ளைப் பலகை வாங்கி, மார்க்கர் வாங்கித் தொடங்கினேன். பதினாலில் ஒன்பது பேர் சொந்தம். சொந்தத்திடம் எப்படிக் காசு வாங்குவது என்று உம்மா கேட்டார். மிச்ச ஐந்து பேரில் இரண்டு பேரின் வாப்பாமார் அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை; பிறை பார்க்கிற குழுவிடம்தான் விசாரிக்க வேண்டும்.

பெருநாள் காசை நம்பி யாரும் திட்டம் போட்டுவிட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்வரை பெருநாள் தொழுகை முடிந்து வீடு வீடாகப் போனால் சட்டைப் பை கனக்கும். ஏ.எல். எழுதிய அடுத்த பெருநாளில், எந்த அறிவித்தலும் இல்லாமல், நீங்கள் வாங்குகிறவர் பட்டியலிலிருந்து கொடுக்கிறவர் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருப்பீர்கள். காலை எட்டு மணிக்குச் சின்னம்மாவின் நாலு பிள்ளைகளும் புது உடுப்போடு வரிசையில் வந்து "காக்கா, பெருநாள் காசு" என்று கை நீட்டும்போதுதான் தெரியும். மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டதுகூட இதைவிட முன்னறிவித்தலோடுதான் நடந்திருக்கும்.

கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை இருக்கிறது. எங்கள் கரைப் பொடியன்கள் அங்கே நிறையப் பேர். இரவில் கடைக்கு மேல்மாடியில் படுக்கை, மதியம் சோற்றுப் பார்சல், மாத முடிவில் கையில் கொஞ்சம். உண்மையில் சேமிக்கக்கூடிய ஒரே வழி இதுதான். ஆனால் ஒன்று. அங்கே போனவர்களில் சிலர் பெறுபேறு வந்த பிறகும் கடையிலேயே இருந்துவிட்டார்கள். என்னோடு படித்த ஒருவன், நல்ல கெட்டிக்காரன், இப்போது நூறு விதத் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வான்.

எங்கே ஒளித்து வைப்பது

பால்மாத் தகரம் நல்லது. அலுமாரிக்கு மேலே, கடந்தகால வினாத்தாள்களுக்குப் பின்னால் வையுங்கள்; அந்தப் பக்கம் வீட்டில் யாரும் போக மாட்டார்கள், நீங்கள் உட்பட.

சீட்டு இன்னும் நல்லது என்பார்கள். மாதம் ஐயாயிரம் போட்டுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், குலுக்கலில் பெயர் விழுகிறவருக்கு அறுபதாயிரம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சீட்டுப் பிடிக்கிற மாமியின் முகம்தான் பிணை. இந்த முறையின் பலம், நடுவில் காசைத் திருப்பி எடுக்க முடியாது என்பது. இதன் பலவீனமும் அதுதான். உம்மா 2022 ஜனவரியில் தொடங்கிய சீட்டில் டிசம்பரில் கடைசி ஆளாக எடுத்தார். அந்த வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே நடுவில் 360. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. முதலாவதாகச் சீட்டு எடுத்த பக்கத்து வீட்டு ராத்தா சீமெந்து வாங்கினார்; அதே அறுபதாயிரத்துக்கு உம்மாவுக்கு அதில் ஏறத்தாழ பாதிதான் வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் முதல் சீட்டுத்தான் வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் முதல் சீட்டு கொடுக்கிற மாமியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சமயம் வங்கிகள் நிலையான வைப்புக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேலும் வட்டி தந்தன. எங்கள் வீட்டில் வட்டிக் காசு வாசல்படி ஏறாது. 2011 முதல் அமானா வங்கி என்று ஒன்று இருக்கிறது, இலாபத்தில்தான் பங்கு, வட்டி அல்ல, கணக்கு அங்கேதான். வட்டி இல்லாமல் ஒரு பயணத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி என்பதை மலேசியாக்காரர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிற கிராமத்தவர்கள் காசைத் தலையணைக்குள் வைத்தும், காணாவிட்டால் மாட்டையும் நிலத்தையும் விற்றும் போய், திரும்பி வந்து ஏழையாக இருப்பதைப் பார்த்து, 1959இல் உங்கு அப்துல் அஸீஸ் என்ற பொருளியலாளர் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து 1963இல் தொடங்கியதுதான் இன்றைய தபுங் ஹாஜி. ஏழைகள் சில்லறை சில்லறையாகப் போட்ட காசு தோட்டமும் கட்டடமுமாக வளர்ந்தது. அந்தப் பொருளியலாளர் தலையணையைப் பற்றி யோசித்தார். உம்மாக்களைப் பற்றி யோசிக்கவில்லை. தலையணைக்குள் காசு இருப்பது உம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இனி வருகிறேன்.

ராத்தாவின் வீடு

இந்தக் கரையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வருகிறவருக்கு வீடு இருக்க வேண்டும். ஆகவே ஒரு வாப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வாழ்நாளில் மூன்று வீடு. கடைசிப் பிள்ளைக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, அதன் பின்பக்கத்துச் சாய்ப்பில் தானும் உம்மாவும் படுத்துக்கொள்வார். ஆண்பிள்ளைக்கு உம்மா வீட்டில் விருந்தாளி உரிமை, கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் விருந்தாளி உரிமை. இரண்டு இடத்திலும் நல்ல சோறு கிடைக்கும் என்பதால் நாங்கள் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

வீடு என்பது வாப்பாவின் காசு மட்டுமல்ல. காக்கா தம்பிமாரின் காசும். சவூதியில் ஓட்டுநராக இருக்கிற காக்காவின் இரண்டு வருஷம் அத்திவாரமாகப் போகும். இன்னும் இரண்டு வருஷம் சுவராக எழும்பும். கூரைக்கு வரும்போது தம்பிக்கு ஏ.எல். முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ராத்தா ஒருத்திதான். எனக்கு முன்னே ஏ.எல். எழுதியவள். எனக்குக் கிடைத்த காத்திருப்பு அவளுக்கும் கிடைத்தது, ஆனால் அவளுடையதை யாரும் 'சும்மா' என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற காலம் என்றார்கள். பெறுபேறுக்கு முன்னே மாப்பிள்ளை வந்தார். அவளுக்குக் கம்பஸும் கிடைத்தது. படித்துக்கொண்டே குடும்பம் நடத்தலாம் என்று பேசி முடித்தார்கள். பிள்ளை பிறந்தது, முதலாம் ஆண்டோடு நின்றது. ஜேர்மனியில் பெண்பிள்ளைகள் இந்த ஆண்டில் பெரு நாட்டு மலைகளில் ஏறுவார்களாம். ராத்தா எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறினாள். மாடி இன்னும் கட்டவில்லை.

அந்தக் கட்டாத மாடியும் போடாத கூரையும்தான் என் சேமிப்பின் எதிரி. உம்மா ஒருநாளும் காசு கேட்டதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். உம்மாமார் கேட்க மாட்டார்கள். புரட்டாதி முடிகிற சமயம், முற்றத்தில் பாயில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டே, வானத்தைப் பார்த்து, "இந்த முறை மாரி கடுமையாமே" என்பார். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, "அந்தச் சுவர் நனையுது பாவம்" என்பார், சுவர் ஒரு அநாதைப் பிள்ளை மாதிரி. இரவில் பால்மாத் தகரம் அலுமாரியிலிருந்து தானாக இறங்கி வரும். இப்படி என் பெரு நாட்டு மலை ஒரு மாரியில் ஓடானது. புறக்கோட்டையிலிருந்து நண்பன் அனுப்பிய கடன் மரச்சலாகையானது. டியூஷன் காசு, அந்த மூன்று பேர் தந்தது, ஆணி.

காப்பாற்றுகிற வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டில் இருக்காதீர்கள்.

ஒரேயொரு நல்ல சேமிப்பாளர்

ஒலுவிலில் ஒழுங்காகச் சேமிக்கிற ஆள் ஒருவர்தான் உண்டு, அது துறைமுக வாய். டென்மார்க்கிடம் கடன் வாங்கி 2008இல் கட்டத் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். அன்றிலிருந்து அது இரவு பகல் பாராமல் மணல் சேர்க்கிறது. உம்மா வானத்தைப் பார்த்தாலும் கொடுக்காது, பெருநாளுக்கும் கொடுக்காது. தோண்டி எடுத்தால் மறுபடி சேர்த்துவிடும். மீன்பிடிப் படகுகள் உள்ளே போக வர முடியாமல் நிற்கும்போதும் அதன் கொள்கையில் மாற்றமில்லை. அந்த மணலெல்லாம் எங்கே போயிருக்க வேண்டியது என்று கேட்டால், வடக்கே எங்கள் கரைக்கு. அங்கே கடல் தென்னைகளோடு நிலத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் மூத்தாப்பா விளையாடின இடம் இப்போது தண்ணீருக்குள். ஒருவரின் சேமிப்பு இன்னொருவரின் செலவு என்று பொருளியல் வகுப்பில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. வெளிச்சவீட்டுப் பக்கம் போய் நின்றால் விளங்கும்.

எங்கே போவது

காசு எப்படியோ மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மன்காரன் தொலைபேசியில் பத்து நிமிஷத்தில் விசா எடுத்துவிட்டு வந்தான். நமக்கு விசா வேண்டுமென்றால் வங்கிக் கூற்றுக் கேட்பார்கள். திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். சொந்தப் பெயரில் வீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். வீடு ராத்தா பெயரில் என்று சொன்னால் அந்த உத்தியோகத்தருக்கு விளங்காது. மேலே உள்ள 'ராத்தாவின் வீடு' அத்தியாயம் முழுவதையும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

ஆகவே, பிறகு சொல்வதாக வைத்திருந்த அந்த இரண்டாவது பெயர். ஏ.எல். முடித்த பொடியன் ஊரில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடியது: "நாப்பது நாள் ஜமாஅத்துல போறன்." தப்லீக் ஜமாஅத்தைப் பற்றிப் பெரியவர்கள் பலவிதமாகப் பேசுவார்கள், அந்த வாதம் எனக்கு வேண்டாம். பயணக் கலை என்ற அளவில் மட்டும் சொல்கிறேன். செலவு ஒவ்வொருவரும் சொந்தக் காசில். படுக்கை சுற்றிக்கொண்டு போக வேண்டும், தங்குவது பள்ளிவாசலில், சமையல் முறை வைத்து. பத்துப் பேர் பருப்பும் சோறும் ஆக்கினால் ஒருவருக்கு விழுகிற செலவு சந்திக் கடையில் ஒரு கொத்து ரொட்டியைவிடக் குறைவு. நான் அப்படித்தான் புத்தளத்தையும் மன்னாரையும் பார்த்தேன். மன்னாரில் கழுதை பார்த்தேன். கண்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிவாசலில், வாழ்க்கையில் முதல்தடவையாக, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தூங்கினேன். சிங்களம் கொஞ்சம் வாய்க்கு வந்தது. அறுபது வயது முதலாளியும் நானும் ஒரே சட்டியைத் தேய்த்தோம். ஜேர்மன்காரன் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் எதைத் தேடிப் போனானோ, அதில் பெரும்பகுதி இதில் இருந்தது. அந்த நாற்பது நாளும் யாரும் என்னிடம் கரண்ட் பில்லைத் தரவில்லை. தந்திருந்தாலும் மன்னாரில் கட்ட முடியாது.

திரும்பி வந்து சைக்கிளை முற்றத்தில் சாய்த்தேன். பெரிய மாமி கேட்டார்: "வந்திட்டியா மனெ? மறுகா இப்ப சும்மாதானே?"

இறுதிக் கணக்கு

கடைசியில் எனக்குக் கம்பஸ் கிடைத்தது. கடிதத்தைத் திறக்கும்போது மாத்தறையா, யாழ்ப்பாணமா, பேராதனையா என்று கைகள் நடுங்கின. தென்கிழக்கு. ஒலுவில். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, ஒரு நாட்டின் பரீட்சைத் திணைக்களத்தையும் மானியங்கள் ஆணைக்குழுவையும் கடந்து, நான் போய்ச் சேர்ந்த தூரம் அவ்வளவு. உலகம் சுற்றச் சேர்த்த காசில் மிஞ்சியதை எடுத்துச் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்றினேன்.

வழிகாட்டியில் சேராத ஒரு விஷயம் இருக்கிறது. பதிவுக்கு முதல்நாள் ராத்தா வந்தாள். அந்த மாதச் சீட்டு அவளுக்கு விழுந்ததாம். லெப்டொப் வாங்கச் சொல்லி அறுபதாயிரத்தையும் மேசையில் வைத்தாள். நான் அவள் வீட்டுக்குக் கொடுத்த ஓட்டின் கணக்கையும் இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரிவரவில்லை, நான்தான் கடன்.

டயர் மாற்றிய பிறகு தகரத்தில் 1,340 ரூபா இருக்கிறது. இந்த முறையும் மாரி கடுமையாம் என்று உம்மா நேற்றுச் சொன்னார். யாராவது கேட்டால் தகரம் காலி என்று சொல்லிவிடுங்கள்.